ஓலைக்குக் கீழே வெளுத்த புல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்தும் கோணல், ஞாபகமும் ஓட்டை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கல்யாணமாகி வந்த புதிது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை எங்கள் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுவர ஒரு கிளைச் சானல் வெட்டினார்கள். சர்க்காரிடம் வேலையை எடுத்தவர் நாகர்கோவில் கண்டிராக்டர் ஒருவர். அதில் ஒரு துண்டை என் வீட்டுக்காரர் அவரிடமிருந்து உள்வேலையாகப் பிடித்தார். கடுதாசி கிடையாது. வெற்றிலை கைமாறியது, அவ்வளவுதான். வெட்ட வந்தவர்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். மாமியாரும் நானும் மண் சுமந்தோம்.

மண்வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிற பள்ளத்துக்கு நடுவில் ஓர் இடத்தை மட்டும் தொடாமல் தூண்போல விட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அதைச் சாட்சி என்பார்கள். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்று அது காட்டும். அதன் தலையிலிருந்து அளந்துதான் கூலி. தலையில் பழைய புல் அப்படியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால், மேலே மண்ணை ஏற்றி ஆழத்தைக் கூட்டிக் காட்டுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

வேலை முடிகிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்டிராக்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார், அளக்க வரவில்லை. சாட்சி கரைந்தால் பாடுபட்டதெல்லாம் போச்சே என்று வீட்டுக்காரர் முடைந்த தென்னோலையை அதன்மேல் போர்த்திக் கயிறு கட்டினார். மாமியார் பார்த்துவிட்டு, "மண்ணுக்குக் கொடை பிடிச்ச மொத ஆளு நீதாம்லே" என்று மகனைக் கேலி செய்தார்.

கண்டிராக்டர் உடம்பு தேறி வந்ததும் ஓலையைப் பிரித்தோம். மண் அசையாமல் நின்றது. புல்தான் வெளிச்சமில்லாமல் வெளுத்து, அழுகிப் படுத்துக் கிடந்தது. யாரோ மண்ணை அள்ளி வைத்து மேலே செத்த புல்லை ஒட்டினதுபோல இருந்தது. சாட்சி செல்லாது என்றால் அத்தனை பேர் கூலிக்கும் வீட்டுக்காரர் எங்கே போவார்? இனி அவர் கூப்பிட்டால் யார் மண்வெட்டியோடு வருவார்? நான் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"வெட்டிப் பாருங்க மொதலாளி. உள்ள பழைய வேரு இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"வெட்டினா பொறவு அளக்க என்னடே இருக்கு?"

கண்டிராக்டர் குனிந்து புல்லைப் பிடித்து இழுத்தார். அழுகின தாள் கையோடு வந்தது, வேர் மண்ணை விடவில்லை. விரலால் குத்திப் பார்த்தார், இறங்கவில்லை.

"நான் ஒன்னைய நம்புகேன். ஓவர்சியர் என்னைய நம்பணும்லா?"

அடுத்தபடி சர்க்கார் ஓவர்சியர் வந்து அளக்கவேண்டும். புல் பச்சை விடுகிறவரை அவரைக் கூப்பிடப் போவதில்லை என்றார் கண்டிராக்டர். தாமதத்துக்குத் திட்டு விழுந்தால் தனக்குத்தானே என்றார். நாலு கம்பு நட்டு ஓலையை உயரத் தூக்கிக் கட்டச் சொன்னார். மழை விழாது, பக்கவாட்டில் வெளிச்சம் வரும். போனவர் தன் வீட்டிலிருந்து ஆட்களுக்கு நெல்லும் அனுப்பினார்.

அதற்குப் பிறகு, விடிந்தால் எல்லாருக்கும் புல்லைப் பார்ப்பதுதான் முதல் வேலை. மாமியார் கம்போடு காவல் இருந்தார். ஒரு ஆடு கரையில் எட்டிப் பார்த்தது. "எங்க கூலியத் திங்க வந்தியா?" என்று அதை ஓட விரட்டினார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஊசிமுனைபோலப் பச்சை கிளம்பியது. ஓவர்சியர் வந்த அன்று, அவர் கேட்பதற்கு முன்னாலேயே கண்டிராக்டர் ஓலை கட்டின கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். ஓவர்சியரும் புல்லை இழுத்துப் பார்த்தார், சிரித்தார், நாடாவை விரிக்கச் சொன்னார். அளவு குறையவில்லை.

கண்டிராக்டர் அடுத்த துண்டுக்கு வெற்றிலை நீட்டினபோது வீட்டுக்காரர் முதல்தடவையாக ஒரு நிபந்தனை போட்டார்: காய்ச்சலோ மழையோ, வெட்டி முடித்த அன்றே அவர் பக்கத்து ஆளும் எங்கள் ஆளும் கூட நின்று அளக்கவேண்டும். அவர் சரி என்றார். சொல்லி அனுப்பாமலே ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள்.

அந்தச் சானல் எந்தக் குளத்தில் போய் விழுந்தது, எந்த வருஷம் என்பதெல்லாம் எனக்குத் தெளிவில்லை. மற்ற ஊர்களில் சாட்சிக்கு வேறு பேர் இருக்கலாம். மராமத்து வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது.