விசா வந்தவனைக் காலில் பிடிக்கக்கூடாது

எங்கள் ஊர் கபடி டீமில் யாருக்காவது அடிபட்டால், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பவர்களைவிட மாமாவின் டீக்கடைக்கு வந்து பேசுபவர்கள்தான் அதிகம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு எலும்பைத்தான் சொல்வார். டீக்கடையில் ஆளுக்கொரு எலும்பு சொல்வார்கள்.

அந்த வருஷம் பேச்சுக்குக் குறைவே இல்லை. மாதா கோயில் திருவிழா மேட்சுக்காக, உளுந்து எடுத்த வயலில் கேம்ப் போட்டிருந்தார்கள். கோடையில் எங்கள் பக்கத்துக் களிமண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெட்டாற்றிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டியும் வெடிப்பு முழுதாக மூடவில்லை. பெரியப்பா மகனுக்குக் காறை எலும்பு போனது. டிராக்டர் ஓட்டும் அண்ணனுக்குக் கணுக்கால் வெடிப்பில் மாட்டித் திரும்பிக்கொண்டது. இன்னொருவனுக்கு முட்டி. அவனுக்குத் துபாய் விசா வந்திருந்தது. மெட்ராஸில் மெடிக்கலுக்கு நொண்டிக்கொண்டு போனவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் அம்மா கோயில் வாசலிலேயே திருவிழாக் கமிட்டிக்காரர்களை மடக்கிவிட்டார்.

"ஒங்களுக்குக் கப்பு வேணும்னா ஒங்க வீட்டுப் புள்ளைங்க கால ஒடைச்சுக்குங்க. எம்புள்ள காலு பிளேன் ஏற வேண்டிய காலு!"

கமிட்டி பயந்துபோனது. எல்லா ஊர் கேப்டன்களையும் கூப்பிட்டுப் புது ரூல் போட்டார்கள். விசா வந்தவன் கையில் பச்சை ரிப்பன் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் கபடி பாடி வரும்போது இடுப்புக்குக் கீழே யாரும் பிடிக்கக்கூடாது. பிடித்தால் ஃபவுல், பாயிண்ட் அவனுக்கு. எல்லா ஊரும் ஒப்புக்கொண்டது. எல்லா ஊரிலும் பிளேன் ஏற வேண்டிய கால்கள் இருந்தன.

விசாவைக் காட்டு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் அப்படிக் கேட்கமாட்டார்கள். போகிற காரியத்தை நோண்டிக் கேட்டால் தடங்கல் ஆகிவிடுமாம். ரிப்பன் கட்டியிருந்தால் விசா வந்தவன், அவ்வளவுதான்.

இந்த ரூலைப் பற்றி மாமா கடையில் நடந்த சண்டை, மேட்சைவிட நன்றாக இருந்தது. பெரியப்பாவின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு நானும் போய்விடுவேன். பெரியப்பா வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கோட்டுக்குள் இறங்கியதில்லை. ஆனால் அவரைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் கபடி பேச முடியாது.

"இடுப்புக்குக் கீழ தொடக்கூடாதுன்னா அது கபடியாய்யா? வந்தவனுக்கு மால போட்டு அனுப்பி வச்சிரலாம்" என்றார் பெரியப்பா.

"ஒங்க பையனுக்கு எலும்பு போனப்ப, ரூலு போடு ரூலு போடுன்னு குதிச்சது யாரு மச்சான்?" என்றார் மாமா, டீ ஆற்றிக்கொண்டே.

"அது மேல உள்ள எலும்புடா. நான் பேசுறது கீழ."

"எங்கப்பாவுக்கும் சிங்கப்பூர் விசா வந்துருச்சுல்ல? அப்பாவும் ரிப்பன் கட்டலாமா?" என்று நான் கேட்டேன்.

கடையே சிரித்தது. "ரிப்பனு பாடிப் போறவனுக்கு, புள்ள. ஒங்கப்பன் புடிக்கிறவன். அவன்ட்டேருந்து மத்தவனக் காப்பாத்தத்தான் இந்த ரூலே!" என்றார் பெரியப்பா. அதைச் சொல்லும்போது அவர் மீசை தானாக மேலே ஏறியது.

உண்மைதான். அப்பா லெஃப்ட் கார்னர். குனிந்த வாக்கிலேயே நிற்பார். பாடி வருகிறவன் கால் கொஞ்சம் உள்ளே வந்தால் போதும், இரண்டு கையாலும் கணுக்காலில் ஒரு பிடி. நாற்றங்காலில் நாற்று பறித்துப் பறித்து இறுகிய கை. அந்தப் பிடிக்கு ஊரில் நாத்துப்புடி என்றே பெயர். இத்தனை வருஷம் கழித்து, இந்தத் தை மாதம் அப்பாவை அடக்கம் செய்த அன்று பெரியப்பா கல்லறை மேட்டில் நின்று, "நாத்துப்புடி போச்சே, நாத்துப்புடி போச்சே" என்றுதான் அழுதார். தம்பி என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அதைக் கேட்டதும் அழுகை நின்று, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்படி ஒரு நேரத்தில் அப்படி ஆகலாமா என்று தெரியவில்லை, ஆகிவிட்டது.

திருவிழா ஃபைனலில் எங்களுக்கு எதிரே அக்கரை ஊர். இரண்டு வருஷமாகக் கப் எங்களிடம்தான் இருந்தது. இந்தத் தடவையும் ஜெயித்தால் திருப்பித் தரவே வேண்டாம், எங்கள் ஊருக்கே சொந்தம். அப்பாவுக்கு அதுதான் கடைசி மேட்ச். அடுத்த மாதம் பிளேன். போவதற்கு முன் கப்பை ஊரில் நிறுத்திவிட்டுப் போகவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்கரை ஊருக்குப் பாடுகிறவன் ஒரு நெட்டை அண்ணன். கையில் பச்சை ரிப்பன். அவனும் அப்பாவும் திருவாரூரில் ஒரே ஏஜென்டிடம்தான் பாஸ்போர்ட் கொடுத்திருந்தார்கள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். அவன் அம்மா கயிற்றை ஒட்டி முதல் வரிசையில் நின்று, "எம்மவன் சிங்கப்பூரு போறான்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். "எங்கப்பாவுந்தான்" என்றேன்.

கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் ஒரே பாயிண்ட். அந்த அண்ணன் பாடி வந்தான். ரூல் இருந்ததால் எங்கள் ஆட்கள் கையைக் கட்டிப்போட்ட மாதிரி பின்னால் பின்னால் போனார்கள். அவன் காலை நீட்டி அப்பாவைத் தொடப் பார்த்தான். அப்பாவின் கை போய்விட்டது. கணுக்கால்.

அவன் விழுந்தான். கோட்டுக்கு ஒரு முழம் இருக்க, மூச்சு அறுந்தது. ஊரே உள்ளே குதித்தது.

அக்கரை கேப்டன் ஓடிவந்து ரிப்பனைக் காட்டினான். "ஃபவுலு சார்! விசாக்காரனக் கால்ல புடிச்சிட்டாரு!"

ரெஃப்ரியாக நின்ற பி.டி. வாத்தியார் விசிலை வாயில் வைப்பதற்குள் பெரியப்பா கயிற்றைத் தாண்டிவிட்டார்.

"ரிப்பன் கட்டுனவன்லாம் விசாக்காரனா? ரிப்பன் என் மவ சடையிலயுந்தான் இருக்கு. விசா வந்துச்சான்னு கேளுங்க சார்!"

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார். அக்கரை ஆட்கள் சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா பின்வாங்கவில்லை. "எங்கிட்டயும் கேக்க வேணாம், ஒங்ககிட்டயும் கேக்க வேணாம். என் தம்பியக் கேளுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஏஜென்ட்டு. என் தம்பி பொய் சொல்றவன் இல்ல."

ஆச்சரியம் என்னவென்றால், அக்கரைக்காரர்களும் அதற்குச் சரி என்றார்கள். எதிர் ஊர்க்காரன்கூட நம்புகிற ஆள் என் அப்பா.

வாத்தியார் அப்பாவைக் கேட்டார். "சொல்லுங்க. இவருக்கு வந்துருக்கா?"

வரவில்லை என்று சொன்னால் கப் எங்களுக்கு. வந்திருக்கிறது என்றால் அவர்களுக்கு. அந்த அண்ணன் எழுந்திருக்காமல் மண்ணிலேயே உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. கயிற்றோரம் நின்ற அவன் அம்மாவைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"வந்துருக்கு சார். எனக்கு முன்னாடியே அவனுக்குத்தான் வந்துச்சு."

வாத்தியார் விசில் அடித்தார். பாயிண்ட் போனது, கப்பும் போனது. அக்கரைக்காரர்கள் அந்த அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவன் மட்டும் சிரிக்கவே இல்லை. அப்பாவின் பிடி அப்படி, கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் டீக்கடையில் ரூலைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். பெரியப்பா மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "கப்பு போனாப் போவுது. பொய் சொல்லிக் கப்பு வாங்குன ஊரு ஆயிரம் இருக்கு. உண்மையச் சொல்லிக் கப்ப விட்டவன் எவனாவது இருக்கானா? என் தம்பிய்யா அவன்!" அந்தக் கோடை முழுக்க அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறந்ததும் நானும் அதையே சொன்னேன். அப்பா இதையெல்லாம் கேட்டால் மட்டும், "போதும் விடு" என்று எழுந்து போய்விடுவார்.

அப்பா சிங்கப்பூர் கிளம்பிய அன்று அந்த அக்கரை அண்ணன் விடியும் முன்பே வந்துவிட்டான். அப்பாவின் பெட்டியை யாரையும் தொடவிடாமல் தன் தலையில் வைத்து பஸ் ஸ்டாப் வரை தூக்கி வந்தான். "நீங்க எப்பண்ணே போறீங்க?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் அப்பா, "ஒரே பிளேன்ல எல்லாருக்கும் எடம் இருக்குமா? அடுத்ததுல வருவான்" என்றார்.

ஆற்றில் தண்ணீர் வந்து நாற்று பறிக்கிற சமயம், எங்கள் கொல்லைக்குப் பக்கத்து நாற்றங்காலில் அந்த அண்ணன் வேலைக்கு வந்திருந்தான். தலைக்குமேல் பிளேன் சத்தம் கேட்டது. நான் வரப்பில் ஓடிப் போய், "அண்ணே, பிளேன் போவுது பாருங்க!" என்று கத்தினேன். அவன் பறித்துக் கட்டிய நாற்று முடியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

"இதுலயும் எடம் இல்லையாம் பாப்பா" என்றான்.

எனக்குப் பாவமாகிவிட்டது. அந்த வாரம் மாமா கடைப் போனுக்கு அப்பா பேசியபோது, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைத்தான் சொன்னேன். "அப்பா, அக்கரை அண்ணனுக்கு இன்னும் பிளேன்ல எடமே கெடைக்கலப்பா. அங்க யார்ட்டயாவது சொல்லி ஒரு சீட்டுப் புடிச்சுக் குடுப்பா."

"சொல்றேன்டா கண்ணு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் போனை வைத்துவிட்டேன்.