மாயத் தார்பாய்க்கு ஒரே சொந்தக்காரர்

ஆளுக்கொரு வேடம் போட்டுப் பகடை உருட்டும் எங்கள் விளையாட்டுக்காக இன்று ஒரு மாயத் தார்பாய் செய்தேன். போர்த்திக்கொண்டால் அரக்கன் கண்ணுக்கு ஆள் தெரியாது.

இப்படிப்பட்ட பொருள்களை உருவாக்கும் செயலி, "யாருடையது?" என்று கேட்டது. ஒரு பெயர்தான் போட முடியும்.

எங்களோடு விளையாடும் சுதா அக்கா, நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர், சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, தார்பாய ஒத்த ஆளா இழுத்துக் கட்ட முடியுமுங்களா? ரண்டு பேரு புடிக்கோணும்."

நியாயம்தான். செயலியை மூடிவிட்டு, ஓர் அட்டையில் அக்கா பெயரையும், கூடவே விளையாடும் அவர் கணவர் மணி பெயரையும் பேனாவால் எழுதினேன்.

பகடையை உருட்டினோம். விளையாட்டில் அரக்கன் வந்தான்.

"ஓடிரலாம்" என்றார் மணி.

"அசையாம உக்காருங்க மாமா" என்றார் அக்கா.

ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் தார்பாய் விலகியது. இருவரும் காலி.

அந்தச் செயலியைச் செய்தவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.