பலாக்கொட்டையும் பாலைவன வெயிலும்

“எண்ணெய் கொட்டிக் கெடக்குற ஊர்ல எவன்டி சோலார் போடுவான்? இங்க மைன்ஸ்ல உனக்கு இருக்குற கான்ட்ராக்ட் வேலையும் போயிடும் பாரு.” வளைகுடாவில் எனக்கு வேலை கிடைத்த அன்று மாமா சொன்னது இது.

இப்போது நெய்வேலி ஆர்ச் கேட்டில், பெட்டியோடு சென்னை பஸ்ஸுக்காக நிற்கிறேன். சாலையோரம் பலாச்சுளை விற்கும் அக்கா, எண்ணெய் தடவிய கையால் பழத்தைப் பிளந்துகொண்டே எங்கே பயணம் என்று கேட்கிறார். பாலைவனத்தில் சோலார் நிலையம் அமைக்கும் இன்ஜினியர் வேலை என்கிறேன். அவருக்கும் மாமாவின் சந்தேகம்தான்.

“எண்ணெய வெச்சிக்கினு எதுக்கும்மா வெயில்ல கரண்டு எடுக்குறாங்க?”

“எண்ணெய கப்பல்ல ஏத்தி வித்தா காசு வரும்க்கா. வெயில ஏத்த முடியுமா? அத உள்ளூருக்கு வெச்சிக்கிறாங்க.”

அக்கா சிரிக்கிறார். “அட, நாங்க சுளைய வித்துட்டு, கொட்டைய வூட்ல கொழம்பு வெக்கிற மாதிரி! இதுக்கா காலேஜு போன?”

“இதுக்கும் சேத்துதான்க்கா.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில், வெயிலில் களை பறித்தார்கள். நான் அந்த வெயிலிடமே வேலை வாங்கப் போகிறேன்.

பஸ் வந்து நிற்கும்போது மாமா போனில் கூப்பிடுகிறார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிடல. மைன்ஸ் கேட் பாஸ் கையிலதான இருக்கு?”

“நேத்தே திருப்பிக் குடுத்துட்டேன் மாமா.”

படியில் ஏறி, பெட்டியை உள்ளே இழுக்கிறேன்.