ஆற்றையே மூடிய அர்மெல்

அர்மெலுக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒருத்தரும் நேராகச் சொல்லமாட்டார்கள். "வயித்துப்போக்குக்குத் துப்புத் துலக்குறவ" என்று சிரிப்பார்கள். சிப்பியைப் பச்சையாகத் தின்று யாராவது வாந்தியெடுத்தால், அது எந்தக் கடையிலிருந்து, எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். சர்க்கார் சுகாதார ஆபீஸ் பட்டணத்தில். குடியிருப்பது பிரான்சில், பிரிட்டானி கடற்கரையில், எங்கள் கெர்லான் ஆற்றோரம், சிப்பி வளர்க்கிற அப்பன் கூல்வெனோடு. கூல்வெனின் கொட்டகையில் நாற்பது வருஷம் சிப்பி தரம் பிரித்தவள் நான். தாயில்லாத அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்ததும் நான்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரே குடும்பத்தில் பதினேழு பேர் படுத்துவிட்டார்கள். சிப்பியைத் தொடாத மருமகள் ஒருத்திதான் எழுந்து நடமாடினாள். இரண்டு நாள் தேடி, அவர்கள் சிப்பி வாங்கிய கூடையில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள் அர்மெல். அப்பனுடைய கொட்டகை எண்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் சரக்குக் குறைந்தால் பக்கத்துக் கொட்டகைக்காரன் நாலு கூடை கொடுப்பான். வாங்குகிறவன் தன் அட்டையைக் கட்டி அனுப்புவான். சட்டப்படி தப்பு. எல்லோரும் செய்வதுதான். கொடுத்தவன் பெயரை மட்டும் யாரும் வெளியே விடுவதில்லை.

"யார்கிட்டப்பா வாங்கினீங்க?"

"என் அட்டை. என் சிப்பி."

"உங்க தண்ணி சுத்தமா இருக்கு. போன வாரம்தான் பாத்தோம்."

"அப்போ உங்க மெஷின் கோளாறு. வேற வாங்கச் சொல்லு."

"விளையாடாதீங்கப்பா. மூணு நாள்ல வருஷப் பொறப்பு. அந்த ஆளு இன்னும் வித்துக்கிட்டு இருக்கான்."

"மூடணும்னா என்னுத மூடு. அப்பனாச்சேன்னு பாக்காத."

அவள் பையைத் திறந்து, நோய் கண்ட வீட்டுக் குப்பையிலிருந்து பொறுக்கி வந்த ஓடுகளை என் மேசையில் கொட்டினாள். "பெரியம்மா, நீங்க பாருங்க."

எனக்கு எழுத்துத் தெரியாது. அட்டையில் என்ன இருந்தால் எனக்கென்ன? ஓடு தெரியும். கூல்வெனின் சிப்பி மணலில் வளர்ந்தது. விளிம்பு மெல்லிசு, வெளுப்பு. இது கனத்து, கறுத்து, புழு துளைத்துக் கிடந்தது. பாலத்துக்குக் கீழே பக்கத்துக் கொட்டகைக்காரன் ரிவால் வைத்திருந்த சேற்றுப் படுகைச் சிப்பி. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்வேன். என் புருஷனின் படகு கவிழ்ந்த அன்று தண்ணீரில் குதித்து, உடலையாவது எனக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் அந்த ரிவால்தான்.

"இது உங்க அப்பனுது இல்ல," என்றேன்.

"யாருது?"

"அது என் வாயில வராது."

"பெரியம்மா! ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில கெடக்கு."

"தெரியும்டி. இருந்தாலும் வராது."

"நல்லா இருக்கு. அவர் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். என்னை வலைக்குள்ள போட்டு முடிச்சுப் போடுங்க."

அப்பனுடையதை மட்டும் மூடினால் ஊர் அவளை மெச்சும். கெட்ட சிப்பி விருந்து மேசைக்குப் போகும். சோதனை முடிவு வரப் பத்து நாளாகும். கொட்டகை வாசலிலேயே காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், ஜன்னலைக்கூட இறக்காமல். பிறகு பட்டணத்துக்குப் போனாள்.

மத்தியானம் உத்தரவோடு திரும்பினாள். பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை இருபத்தொரு கொட்டகையும் மூடல். வருஷச் சாப்பாட்டை நாங்கள் சம்பாதிக்கிற வாரம் அது.

"அப்பன் பண்ணின தப்புக்கு ஆத்தையே மூடிட்டாளே, பாவி!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினான் ரிவால்.

கூல்வென் காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அர்மெல் ரிவாலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து ஓடுகளை அள்ளினேன். அது யாருடைய சிப்பி என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வருஷப் பிறப்புக்கு ஒருத்தரும் படுக்கவில்லை. அந்தக் குழந்தையும் வீட்டுக்கு வந்தது. நோய்க்குக் காரணம் ரிவாலின் சேறுதான் என்று சோதனையில் வந்தபோதும் ஊர் மனம் மாறவில்லை. ரொட்டிக் கடைக்காரி அவளைக் கண்டால் உள்ளே போய்விடுவாள்.

"பட்டணத்துலயே வீடு பாத்துக்கோயேன்," என்றேன் ஒருநாள்.

"அப்பாவ யாரு பாத்துக்குவா, நீங்களா? உங்க வாயிலதான் ஒண்ணும் வராதே."

வராதுதான். ரிவாலைப் புதைத்து இரண்டு வருஷமாகிறது. அதனால்தான் இப்போது உங்களிடம் இவ்வளவாவது வாயில் வந்தது.