டேப்லெட்காரரை மறைத்த கதை

மாணவர் ரோபோ போட்டியில், என் மகளின் அணியைத் தகுதிநீக்கம் செய்ய வந்த அதிகாரி என்றுதான் அவரை நினைத்தேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்ப்பவரைப் போல முகத்தில் சிரிப்பே இல்லை. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. டேப்லெட்டில் ஏதாவது தட்டுவார், உடனே கைக்குட்டையால் திரையைத் துடைப்பார்.

எங்கள் ரோபோ களமிறங்கியபோதெல்லாம் பதறியடித்து அவர் முன்னால் போய் நின்றேன். என் உடம்பு அதற்குத் தாராளம். கடைசி ஆட்டத்தில் என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. உங்க ரோபோ பந்து போடுறதே தெரியலை."

"தெரிய வேணாம்னுதாங்க நிக்கிறேன்."

"எம் பையன் டீம்தான் முதல்ல இருக்கு. ஃபைனல்ல ரெண்டு ரெண்டு டீமாச் சேர்ந்து ஆடணும், ஜோடி சேர நல்ல டீமாத் தேடுறோம். நான் பார்த்தாத்தானே எத்தனை பந்துன்னு இதுல ஏத்த முடியும்?"

நான் நகர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. திரையைத் துடைத்துவிட்டு எனக்கு இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்தார். டேப்லெட்டில் எங்கள் அணிக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. இறுதிப் போட்டிக்கு எங்களை விட்டுவிட்டுத் திருத்துறைப்பூண்டி அணிப் பிள்ளைகளை ஜோடி சேர்த்துக்கொண்டார்கள்.