தேர்ச் சித்திரத்துக்கு ஓர் அடிக்குறிப்பு

செம்பூரிலிருந்து விசாலத்தின் மகன் போனில் அழைத்தான். "அம்மா காலம்பற தவறிப் போயிட்டா, மாமி" என்றான்.

அறுபதுகளில் மாதுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரை நாங்கள் இருவரும் சேர்ந்து தயாரித்தோம். நான் எழுதுவேன், அவள் புரூஃப் பார்ப்பாள். அவளிடம் கட்டுரை கொடுத்த எல்லோருக்கும் அந்தக் கேள்வி நினைவிருக்கும்: "யார் சொன்னா? அவா நேர்ல பார்த்தாளா?"

ஒரு வருடம், தாராவியில் வாழ்ந்து மறைந்த ஓவியர் சுடலைமுத்துவைப் பற்றி எழுதினேன். சயானில் ஒரு பள்ளி மண்டபத்தில் இருந்த பெரிய தேர்ச் சித்திரமே அவருடைய சிறந்த படைப்பு என்று முடித்திருந்தேன். விசாலம் அந்த வரியில் பென்சிலை வைத்தாள்.

"எல்லாரும் சொல்றாளே" என்றேன்.

"எல்லாரும்னா யாரு? பேர் சொல்லு, அடியில போடறேன்."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு தாராவிக்குப் போனேன்.

ஓவியரின் மனைவி செல்லம்மாளிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். செல்லம்மாள் சொந்த ஊரில் இருந்தபோது கணவர் எழுதியது: 'காய்ச்சலில் படுத்துவிட்டேன். தேர்ப் படம் முழுக்கக் காதர் வரைந்தான். எனக்கு அப்படி வராது.'

"இம்புட்டு நாளா யாரும் கேக்கல, நானும் சொல்லல. நீங்க கேட்டுட்டீய. உள்ளத எழுதுங்க" என்றார்.

ஓவியரிடம் தொழில் கற்ற காதர் பாய் அடுத்த சந்தில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "எனக்குத் தொழில் தந்த மனுசன். அவரு போன பொறவு, அது என் படம்னு எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார்.

அதற்குள் அச்சகத்தில் அந்தப் பக்கத்துக்கு எழுத்துக் கோத்து முடித்திருந்தார்கள். ஒரு பெயருக்காக மலரை நிறுத்துவதா என்று செயலாளர் சத்தம் போட்டார். "தப்புன்னு தெரிஞ்சப்புறம் என் கையால அனுப்ப மாட்டேன், சார்" என்றாள் விசாலம்.

மலர் பத்து நாள் தாமதமாக வந்தது. அதில் தேர்ச் சித்திரத்தை வரைந்தவராகக் காதரின் பெயர் இருந்தது. கீழே சிறிய எழுத்தில், 'சுடலைமுத்து தம் மனைவிக்கு எழுதிய கடிதம், செல்லம்மாளிடம் உள்ளது, நேரில் பார்த்தோம்' என்றும் இருந்தது. காதர் பாய் சங்கத்துக்கு வந்து இரண்டு பிரதிகள் கேட்டு வாங்கினார். ஒன்றைச் செல்லம்மாளிடம் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிறகு எத்தனையோ கலைஞர்களைப் பற்றி எழுதிவிட்டேன். தெரியாத இடத்தில் 'எனக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுத இன்று எனக்குக் கூச்சமில்லை. அந்தத் துணிவு விசாலம் தந்தது. அது என்னிடம் இருக்கிறது.