கனம் குறைந்த கிட்டார்

சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு என் கிட்டார் வீட்டுக்கு வந்தது. தச்சர் அதைப் பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் குறுக்காகக் கட்டி, மணக்காட்டிலிருந்து ஸ்ரீவராகம் வரை தள்ளிக்கொண்டே வந்திருந்தார். ஏறி ஓட்டவில்லை. "குழியில விழுந்தா கழுத்து போகும் சாமி" என்றார். கிட்டாரின் கழுத்தைச் சொன்னார்.

அன்றைய நாட்குறிப்பில் இந்த வருகைக்கு மட்டும் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. வழக்கமாக ஒரு நாளுக்கு ஒரு பக்கத்தைத் தாண்டமாட்டேன். கையெழுத்தும் வழக்கத்தைவிடச் சாய்ந்து ஓடுகிறது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தெட்டு வயது.

எங்கள் அலுவலகத்தில் சினிமாப் பாட்டுகள் பாடும் ஒரு கானமேளைக் குழு இருந்தது. ஆறு வருடங்களாக அதில் நான் சாதாரண மரக் கிட்டார் வாசித்துவந்தேன். ஒரு பக்கம் டிரம்ஸ், இன்னொரு பக்கம் அக்கார்டியன், முன்னால் இரண்டு பாடகர்கள். எனக்கென்று ஒரு மைக் வைப்பார்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பாடகர்களில் ஒருவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நான் வாசிப்பது எனக்கே கேட்காது.

அந்த மாதம் அக்கார்டியன்காரருக்குக் கோழிக்கோட்டுக்கு மாற்றல் வந்தது. பாட்டுகளின் இடையிசையை இனி யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது நான் கை தூக்கினேன். குழுத் தலைவர், வேறு பிரிவில் வேலை பார்த்த மலையாளி, என் பக்கம் திரும்பினார்.

"சார் வாசிக்கிறது கண்ணுக்குத் தெரியும். காதுக்கு வரணுமே" என்றார். "அடுத்த வாரம் ஞாயிறு ஹால்ல புரோகிராம். அன்னைக்குக் கேட்டா சரி. இல்லேங்கில் நான் வேற ஆளை விளிக்கும். மனசில ஒண்ணும் வெக்கருது, கேட்டோ."

வேறு ஆள் வந்தால் ஒரு நாளுக்கு மட்டும் வரமாட்டார். அது எனக்குத் தெரியும்.

மின்சாரக் கிட்டார் ஒன்றுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவைத்திருந்தது நல்லதாயிற்று. கடையில் கிடைக்காத பொருள் அது. ரேடியோப் பெட்டிகளும் அலமாரிகளும் செய்கிற அந்தத் தச்சரிடம் முழு அளவுப் படம் ஒன்றை வரைந்து கொடுத்திருந்தேன். கழுத்தில் விரல் வைக்கும் இருபத்தொரு மெட்டுகளின் இடத்தையும் லாகரிதம் அட்டவணை வைத்துக் கணக்கிட்டேன். கம்பியின் நீளம் இருபத்தைந்தரை அங்குலம் என்றால் முதல் மெட்டு 1.43 அங்குலத்தில் வரும், இரண்டாவது 2.78-இல். தச்சருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே குறிப்புகளை மலையாளத்தில் எழுதினேன். மூன்று மணி நேரம் நின்று வாசிக்க வேண்டியிருந்ததால் கடைசிக் குறிப்பாக, கனம் குறைக்க வேண்டும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடுகள் போட்டேன். உடல் ஒன்றே முக்கால் அங்குலத் தடிமன் இருக்கட்டும் என்று வாயால் சொல்லியிருந்தேன். படத்தில் முன்பக்கத் தோற்றம் மட்டும்தான் இருந்தது.

போர்வையை விலக்கினேன். பலா மரம் பாலிஷில் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்தின் மேல் கருத்த ஈட்டி மரப் பலகை, அதில் பித்தளை மெட்டுகள். ஸ்கேலை எடுத்து அளந்தேன். 1.43. அடுத்தது 2.78. இருபத்தொன்றையும் அளந்து முடிப்பதற்குள் தச்சர் காப்பி குடித்துத் தம்ளரைக் கவிழ்த்துவிட்டார். எல்லாம் சரியாக இருந்தன. மடியில் எடுத்து வைத்தேன். இறகுபோல இருந்தது. அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். மறுபடி ஸ்கேலை வைத்தேன். ஓர் அங்குலம்.

"மேஸ்திரி, ஒண்ணே முக்கால் சொல்லியிருந்தேனே."

"சொன்னது. பின்னே கனம் குறைக்கணும்னு எழுதித் தந்தது சாமி தன்னே அல்லே?" சட்டைப் பையிலிருந்து என் காகிதத்தை எடுத்தார். "ரெண்டு வரையும் இட்டிருக்கு."

"கனம்னா எடை மேஸ்திரி. தூக்கற எடை."

"அது பாரம். கனம்னா பலகையோட கனம். முக்கால் இஞ்சு பலகை, ஒரு இஞ்சு பலகைன்னு நாங்க கடையில பறயறது பின்னே என்ன? வாயும் எழுத்தும் ரெண்டா வந்தா எழுத்தைப் பாக்கணும்னு சாமிதான் அன்னைக்குப் பறஞ்சது."

அதையும் நான் சொல்லியிருந்தேன். நாட்குறிப்பில் இருக்கிறது.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தமிழ்ல நெனச்சுண்டு மலையாளத்துல எழுதினா இப்படித்தான்" என்றாள். "ஆனா எடையும் குறைஞ்சுதானே இருக்கு? ரெண்டு பேர் சொன்னதும் நடந்துடுத்தே."

தச்சர் சிரித்துவிட்டார். பின்னால் இன்னொரு பலகை ஒட்டித் தருகிறேன், ஒட்டிக் காய்ந்து மறுபடி பாலிஷ் போட இரண்டு வாரம் ஆகும் என்றார். எனக்கு எட்டு நாள்தான் இருந்தது. வேண்டாம் என்றேன்.

அவர் போனபின் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். சாலைக் கடைத்தெருவில் ஒவ்வொன்றாக வாங்கியும் சொல்லிச் செய்தும் சேர்த்த மின் பாகங்கள் அதில் இருந்தன. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வால்யூம், ஒரு டோன், இரண்டுக்கும் நடுவில் மாற்றிக்கொள்ள ரேடியோவில் இருப்பதுபோல ஒரு பேண்ட் சுவிட்ச். ஆக ஐந்து குமிழ்கள். துளைகளைப் பாகங்கள் வந்தபின் போடலாம் என்று விட்டிருந்தேன். சுவிட்சை கிட்டாரின் ஓரத்தில் நிறுத்திப் பார்த்தேன். கிட்டாரைவிடச் சுவிட்ச் உயரமாக இருந்தது. வால்யூம் கன்ட்ரோல்களும் ஏறக்குறைய அப்படியே.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்பிகளைக் கட்டிச் சுருதி சேர்த்து, விளக்கு ஏற்றும் நேரம் வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை. மின்சாரம் இல்லாமல் அது கொசு அளவுக்குத்தான் பேசியது. அந்தக் கொசுவும் சுத்தமான சுருதியில் பேசியது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கரமனைக்குப் போனேன். அங்கே சாலையோரத்தில் ஒரு கணவனும் மனைவியும் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். கணவர் மோட்டாரைக் கழற்றுவார், பூட்டுவார். காயில் சுற்றுவது முழுக்க அந்த அம்மாள். என் பிக்கப்புகளுக்கு இரண்டு காயில்களை அவர்தான் சுற்றித் தந்திருந்தார். முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஒன்று ஆறாயிரம் சுற்று, மற்றது எட்டாயிரம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஆறு இரும்புத் திருகுகள், அடியில் ஒரு சட்டக் காந்தம்.

கிட்டாரை அந்த அம்மாளின் மேசைமேல் வைத்தேன்.

"என்ன சார், மூடியை மட்டும் கொண்டாந்திருக்கீங்க? பெட்டி எங்கே?"

"இதுதான் முழுசும்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கணவரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு தடவை சொல்லவைத்தார். இருவரும் சிரித்து முடித்தபின் என் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"அஞ்சு குமிழா? நீங்க வாசிப்பீங்களா, திருகிட்டே இருப்பீங்களா?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரியம் இருக்கு."

"இருக்கும் சார். வார ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க."

"கேக்கணும்" என்றேன்.

"அம்புட்டுதானே. ஒரு காயில் போதும். ரெண்டு குழி வெட்டினா இந்தப் பலகை தாங்காது. எங்க வைக்கணும்னு வெட்டுறதுக்கு முன்னாடி கேட்டுப் பாத்துருவோம்."

கடையில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதன் பின்னால் கிராமபோன் செருகுகிற இரண்டு துளைகள். ஆறாயிரம் சுற்றுக் காயிலின் இரு முனைகளையும் அதில் செருகினார். கணவர் காயிலைக் கம்பிகளுக்கு மேலே, தொடாமல், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். ரேடியோ சூடேறியதும் முதலில் வந்தது வண்டுக்கூட்டம் போன்ற இரைச்சல். நான் ஒரு கம்பியைத் தட்டினேன்.

பெரிய ஒலி. மேசைமேல் இருந்த ஆணிகள் அதிர்ந்தன. ஆறு வருடம் வாசித்த அதே விரல்கள்தான். என் கை கம்பியில் படும்போது இரைச்சல் கூடுகிறது, எடுத்தால் குறைகிறது என்பதை அந்த அம்மாள் காட்டினார்.

"கம்பி ஏறி உக்காருற அந்தப் பித்தளைத் தகட்டுல இருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போணும். எழுதிக்கோங்க. நீங்கதான் எழுதுற ஆளாச்சே."

எழுதிக்கொண்டேன். பிறகு கழுத்தின் முடிவிலிருந்து பித்தளைத் தகடு வரை, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக, காகிதப் பட்டையில் ஏழு குறிகள் போட்டு கிட்டார்மேல் ஒட்டினேன். ஒவ்வொரு குறிக்கும் ஒரே நான்கு சுரங்கள், ஒரே வேகம். முதல் குறியில், கழுத்தின் அருகில், ஒலி அப்படியே உருகியது. எனக்கு வேறு இடமே வேண்டாம் என்று தோன்றியது.

"இதுதான்" என்றேன்.

"இங்க உக்காந்து கேட்டா நல்லாத்தான் இருக்கும். உங்க ஹால் இம்புட்டா?" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் மளிகைக் கடை வாசலில் போய் நின்றார். "கேட்டா கை தூக்குறேன்" என்று அங்கிருந்து கத்தினார்.

முதல் குறியில் வாசித்தேன். கை தூக்கவில்லை. இரண்டிலும் இல்லை. மூன்றில் தலையைச் சாய்த்துக் காதைத் திருப்பினார். நான்கில் தோள் வரை ஒரு கை எழுந்தது. ஐந்தில் முழுக்க எழுந்தது. ஆறுக்குக் காயிலை நகர்த்தும்போது, அங்கே கம்பி குறைவாக அதிரும் என்பதால், எட்டாயிரம் சுற்றுக் காயிலுக்கு மாற்றச் சொன்னேன். வாசிக்கத் தொடங்கிய நேரத்தில் நெய்யாற்றங்கரைப் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு குறுக்கே வந்து அவரை மறைத்தது. நான் நிறுத்தவில்லை. பஸ் நகர்ந்தபோது அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேல் இருந்தன. மளிகைக் கடைக்காரரும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஏழாவது குறியையும் பார்த்தோம். திரும்பி வந்து அவர் சொன்னது: "ஏழு, தகரத்தைக் கீறுனாப்புல இருக்கு. ஆறுல வெட்டச் சொல்லுங்க."

ஆறு என்று முடிவாயிற்று. முதல் குறியின் இனிமையை விட மனமில்லாமல் ஒரு டோன் கன்ட்ரோல் மட்டும் கேட்டேன். "சரி, ரெண்டு குமிழ்" என்று ஒத்துக்கொண்டார். பின்னால் ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒட்டாத சிறிய கன்ட்ரோல்களாக இரண்டு தேடி எடுத்தார். அரை அங்குலம்தான், குழிக்குள் அடங்கும். டோனுக்கு மூன்று கண்டென்சர்களை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டோம். பாயின்ட் ஒன்று மைக்ரோஃபாரட் வைத்தால் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல இருந்தது. பாயின்ட் பூஜ்யம் ஐந்து பரவாயில்லை. பாயின்ட் பூஜ்யம் இரண்டில் கூர்மை மட்டும் மழுங்கி, சுரம் தெளிவாக நின்றது. அதையே எடுத்தோம். நான் கடையை விட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். சாப்பாட்டு நினைவே இல்லை.

புதன்கிழமை தச்சரிடம் குழி வெட்டக் கொடுத்தேன். ஆழம் முக்கால் அங்குலம் என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதி, பக்கவாட்டுப் படமும் வரைந்து, போதாததற்குப் பக்கத்தில் நின்றேன்.

"கனம் இனியும் குறைக்கணோ சாமி?" என்றார் உளியைக் கையில் வைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் ஒயர்களைப் பற்றவைத்து முடித்தார். ஞாயிறு மாலை ஆறரைக்கு ஹாலில் திரை விலகியது. என் மனைவி ஐந்தாவது வரிசையில் இருந்தாள். குழுத் தலைவர் பாடகர்களுக்கு முன்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார். கிட்டாரின் ஒயர் மைக் செட்டுக்காரரின் ஆம்ப்ளிஃபயருக்குப் போயிருந்தது.

முதல் பாட்டில் பல்லவி முடிந்ததும் என் இடம். எட்டு சுரங்கள். வாசித்தேன். ஒலி என் கையிலிருந்து போகாமல் ஹாலின் பின்சுவரிலிருந்து வருவதுபோல இருந்தது. யாரோ இன்னொருவர் எனக்கு எதிரே நின்று வாசிக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் பாடகரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதைக் கவனித்த நான் இரண்டாவது இடையிசையில் ஒரு மெட்டு தள்ளி விரலை வைத்துவிட்டேன். தவறான சுரம் ஹால் முழுவதும் போயிற்று. தலைவர் திரும்பிப் பார்த்தார்.

கைதட்டல் நடக்கும்போது அவர் என் பக்கம் வந்து குனிந்தார். "சாரே, ரெண்டாவது பீஸ்ல ஒரு சுரம் தெற்றிப்போச்சு, கேட்டோ."

"நல்லாக் கேட்டுதா?"

"பின்னே! கடைசி வரிசை வரைக்கும் கேட்டு."

"அப்போ வேற ஆளு?"

"எதுக்கு? அடுத்த பாட்டை எடுக்கணும் சாரே, ஆட்கள் காத்திருக்கு."

ஆறு வருடங்களில் நான் எத்தனை தவறு வாசித்திருப்பேனோ, ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த பாட்டின் சுரத்தாள் முன்னால் விரித்திருந்தது. மூன்றாவது வரியில் கை தாவ வேண்டிய ஒரு கடினமான இடம் உண்டு. அதுவரை நான் எப்போதும் மழுப்பிவிட்டுப் போன இடம். பையிலிருந்து பென்சிலை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்கியிருந்தார்.